பங்க் பெட்ரோலுக்குப் பழக்கிய வண்டி

என் ஷெட்டின் மூலையில் ஒரு நீல டிரம் நிற்கும். அதில் இருந்தது ரேஸ் பெட்ரோல். மூடியைத் திறந்தால் வாசனை மூக்கைத் துளைக்கும். மாப்பிள்ளையின் கார் அதை மட்டும்தான் குடிக்கும். பங்க்கில் கிடைக்கிற பெட்ரோல் அதற்கு ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தே ஆக வேண்டும்.

மாப்பிள்ளை என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேன். என் மகளுக்கும் அவனுக்கும் விவாகரத்தாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. மகள் வேறு கல்யாணம் செய்துகொண்டு வெளிநாட்டில் இருக்கிறாள். புது மாப்பிள்ளை தங்கமான மனிதர். என்னை 'அங்கிள்' என்பார். போனில் அங்கே மழை, இங்கே வெயில் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு மகளிடம் கொடுத்துவிடுவார். பழையவன் 'மாமா'வை விடவில்லை. நானும் மாப்பிள்ளையை விடவில்லை. ஒன்றுதான் மாறியது. முறைப்படி மாப்பிள்ளையாக இருந்தவரை 'வாங்க, உட்காருங்க' என்பேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்த அடுத்த ஞாயிறு, வருவானா மாட்டானா என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கேனோடு வந்து நின்றான். என் வாயில் 'வா' என்றுதான் வந்தது. அன்றிலிருந்து வா, போதான்.

அந்த என்ஜின் நாங்கள் இருவரும் சேர்ந்து கட்டியது. அப்போது என் மனைவி உயிரோடு இருந்தாள். அம்மாவும் மகளும் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் ஷெட்டில் கிடப்போம். பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றையும் பெட்ரோலையும் எவ்வளவு நெருக்குகிறது என்பதுதான் கம்ப்ரஷன். சாதாரண வண்டி ஒன்பது பங்கை ஒரு பங்காக நெருக்கும். எங்களுடையது பதின்மூன்றை ஒன்றாக நெருக்கும். அவ்வளவு நெருக்கினால் பங்க் பெட்ரோல் பொறுமை காக்காது. பிளக் வைத்த தீ வந்து சேருவதற்குள் ஓரத்தில் இருப்பது தானாகவே வெடித்துவிடும். தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம் வரும். அதுதான் நாக்கிங். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனையே தின்றுவிடும்.

ஞாயிறு காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, போன வாரம் அவன் விட்டுப்போன கேன்களை நிரப்பி ஷெட் வாசலில் வைத்துவிடுவேன். அவன் வந்ததும் பிளக் நான்கையும் கழற்றி நிறம் பார்ப்பேன். பிறகு டீ. ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல், அது என்னுடையது. வருகிறவர்கள் வண்டியில் சாய்ந்து நின்றுதான் பேசுவார்கள். கார்புரேட்டரைப் பற்றி நாங்கள் மணிக்கணக்கில் பேசுவோம். என் முழங்கால் வலியைப் பற்றியோ, அவன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது. வந்தாலும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியாது.

போன மழைக்காலத்திலிருந்து வண்டி கொஞ்சம் படுத்தியது. புகைக்குழாயின் உட்புறம் கருத்துக் கிடந்தது. ரேஸ் பெட்ரோலில் ஓடினால் அது சாம்பல் பூத்தாற்போல இருக்க வேண்டும். பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று முடிவு கட்டி கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை, அதாவது ஜெட்டை, ஒரு சைஸ் குறைத்தேன். பிளக்குகளோ அழகாகச் சாம்பல் நிறத்தில் இருந்தன. குழாய் ஒன்று சொல்கிறது, பிளக் வேறொன்று சொல்கிறது. உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் கை வைத்தவனுக்குப் பெருமை விடுமா? மறுபடி கருத்தது, மறுபடி ஜெட்டைக் குறைத்தேன். மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிறு, டீயைக் குடித்து முடித்த பிறகும் டம்ளரைக் கீழே வைக்காமல் உருட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, இத பங்க் பெட்ரோல்ல ஓடற மாதிரி பண்ண முடியுமா?"

"எதுக்கு?"

"வேலை மாறிட்டேன். ரொம்ப தூரம். அங்க ஒரு டீச்சர் இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கலாம்னு பேசியிருக்கோம்."

இனிமேல் இவன் இங்கே எதற்கு வருவான் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவனுக்குக் கல்யாணம் என்பது அதற்குப் பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்த வரிசையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"சந்தோஷம்" என்றேன். "வண்டிய வித்துட்டு வேற வாங்கிக்கோயேன்."

"இத எப்படி மாமா விக்கறது?"

"அப்ப தெருமுனை மெக்கானிக்கிட்ட குடு. என்ஜின் மூடிக்கு அடியில தடியா ஒரு கேஸ்கட்டப் போட்டு கம்ப்ரஷனக் குறைச்சுடுவான். மாட்டு வண்டி மாதிரி ஓடும்."

"நீங்க பண்ணா எப்படி ஓடும்?"

கெட்டிக்காரன். எங்கே தட்டினால் நான் விழுவேன் என்று தெரிந்து வைத்திருக்கிறான். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"என்ன விஷயம்?" என்றேன்.

"விஷயம் இருந்தாதான் கூப்பிடணுமாப்பா? சும்மாதான்."

சும்மா என்றால் எனக்கு அடுத்து என்ன பேசுவதென்று ஓடாது. "மாப்பிள்ளைக்குக் கல்யாணமாம்" என்றேன்.

"அப்பா, அவர் இப்ப உங்க மாப்பிள்ளை இல்ல."

"கியர்பாக்ஸ மாத்தினா வண்டி பேரு மாறிடுமா?"

சிரித்துவிட்டாள். பிறகு, "நல்லா இருக்கட்டும். நல்ல மனுஷன்தான், எங்களுக்குத்தான் ஒத்து வரல" என்றாள். "நீங்க அவரப் பிடிச்சு வெச்சுக்காதீங்கப்பா."

"நான் எங்க பிடிச்சு வெச்சிருக்கேன்? பெட்ரோலுக்கு வர்றான்."

அவள் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

மறுநாள் என்ஜினைப் பிரித்தேன். மேலே மூடியிருக்கும் ஹெட்டைத் தூக்கித் திருப்பிப் போட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. ரேஸ் பெட்ரோல் எரிந்த அறை வெளிறிய சாம்பலாக இருக்கும். இங்கே நான்கு அறைகளும் கரும்பழுப்பு. நகத்தால் சுரண்டினேன். பழுப்புக்குக் கீழே சாம்பல் இருந்தது. அதாவது ரேஸ் பெட்ரோல் பழைய கதை. இந்த வண்டி பல மாதங்களாகப் பங்க் பெட்ரோலில்தான் ஓடியிருக்கிறது. பிளக் எந்த நொடியில் தீ வைக்க வேண்டும் என்பதுதான் டைமிங்; அதை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் நட்டைப் பார்த்தேன். நான் போட்ட கோட்டிலேயேதான் இருந்தது, ஆனால் நட்டின் முனையெல்லாம் மழுங்கியிருந்தது. யாரோ மட்டமான ஸ்பேனரைப் போட்டு அதைத் திருகித் திருகிக் கழற்றியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

ஞாயிறு அவன் பஸ்ஸில் வந்தான். ஹெட்டை மல்லாத்தி பெஞ்சில் வைத்திருந்தேன். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"எவ்வளவு நாளா?" என்றேன்.

"மழைக்கு முன்னாடியிலிருந்தே மாமா. டீச்சரப் பாக்கப் போய்ட்டு வருவேன். அவ்வளவு தூரத்துக்குக் கேன் கட்டுபடியாகல."

"டைமிங்க என்ன பண்ண?"

"நாக்கிங் வராம பின்னாடி தள்ளி வெச்சுப்பேன். இங்க வர்றதுக்கு முன்னாடி உங்க கோட்டுக்கே கொண்டு வந்துடுவேன்."

"பிளக் எப்படிடா சாம்பலா இருந்தது?"

தலையைக் குனிந்துகொண்டான். "ஞாயித்துக்கிழமைக்குன்னு தனியா ஒரு செட் வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பதா அவனை வெளுப்பதா என்று புரியவில்லை. "நான் ஜெட்டக் குறைச்சேனே?"

"அதுதான் மாமா கஷ்டமாப் போச்சு. மேட்டுல ஏறவே மாட்டேன்னுடுச்சு. இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளி எப்படியோ ஓட்டினேன்."

"நான் குடுத்த பெட்ரோல் எங்க?"

"மாத்தி மாத்தி ஊத்தினா ஒவ்வொரு தடவையும் டைமிங் மாத்தணுமே. அதனால வேற கேன்ல ஊத்தி ஸ்டோர் ரூம்ல அடுக்கி வெச்சிருக்கேன்."

"வீட்டுக்குள்ளயா? பக்கத்து வீட்டுக்காரன் ஒரு பீடி பத்த வெச்சிருந்தா தெருவே மேல போயிருக்கும். அறிவு இருக்கா உனக்கு? ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படி மாமா சொல்றது? வந்து பார்த்தா காலையிலயே கேன நிரப்பி வாசல்ல வெச்சிருப்பீங்க."

நான் அவனைப் போகச் சொல்லிவிட்டேன். வேலை இருக்கிறது, கிளம்பு என்றேன். அவன் போன பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கோபம் அவன்மேல்தான் என்று முதலில் நினைத்தேன். இல்லை. என் பெட்ரோல் இல்லாமல் இவனால் ஒரு வாரம் ஓட்ட முடியாது என்று நான் தெம்பாக இருந்தேன். அவனோ இந்தக் கிழவன் தனியாகக் கிடக்கிறானே என்று, மட்டமான ஸ்பேனரை வைத்துக்கொண்டு நட்டைத் திருகி, பிளக்கை மாற்றி, வேஷம் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்திருக்கிறான். என்மேல் பாவப்பட்டு, என் பெட்ரோல் தேவைப்படுகிறவனாக நடித்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. இனி ஜென்மத்துக்கும் அவன் என்னிடம் வர வேண்டிய அவசியமே இல்லாத மாதிரி கட்டித் தருகிறேன் பார் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

வீம்பில் ஆரம்பித்த வேலைதான். செய்யச் செய்ய வீம்பு போய் வேலை மட்டும் மிஞ்சியது. பிஸ்டன் தலையில் மேடாக இருந்ததைக் கடைசல்காரரிடம் கொடுத்துக் கடைந்து குழிவாக்கினேன். ஓரத்து வளையத்தில் மட்டும் கை வைக்கவில்லை. அங்கே பிஸ்டனும் ஹெட்டும் இடிக்காமல் நெருங்கி வந்தால்தான் மூலையில் கிடக்கும் பெட்ரோல் நடுவே தள்ளப்பட்டு ஒழுங்காக எரியும். தடி கேஸ்கட் போடுகிறவர்கள் கெடுப்பது இதைத்தான். அறைக்குள் கூர்மையாக இருந்த விளிம்புகளையெல்லாம் தேய்த்து மழுக்கினேன். சூடாகிக் கனன்று தீ வைப்பவை அந்த விளிம்புகள்தான். ரேடியேட்டரைப் பெரிதாக்கினேன். நான் புத்திசாலித்தனமாகக் குறைத்த ஜெட்டுகளைக் கழற்றிப் பழையபடி பெரியதைப் போட்டேன். கம்ப்ரஷன் பத்தரைக்கு வந்து நின்றது.

அடுத்த ஞாயிறு சோதனை ஓட்டம். மாப்பிள்ளை ஓட்டினான், நான் பக்கத்தில். என்ஜின் பிளாக்கில் ஒரு செம்புக் குழாயை இறுக்கி, அதிலிருந்து ரப்பர் ட்யூபைக் காருக்குள் கொண்டுவந்து என் காதுமூடியில் செருகியிருந்தேன். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பாரே, அது மாதிரிதான். ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டில் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொன்னேன். ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தி டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன். இன்னும் நன்றாக இழுத்தது. இன்னும் கொஞ்சம். அப்போது வந்தது, சரளைக்கல் சத்தம், லேசாக, மேட்டின் உச்சியில். அதற்கு ஒரு நூல் பின்னால் தள்ளியதும் அடங்கிவிட்டது.

அந்த இடத்தில் என் கை நின்றது. அங்கேயே நட்டை இறுக்கினால் இன்று வண்டி பிரமாதமாகப் போகும். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிடுவான். ஆனால் வெயில் கொளுத்தும் ஒரு நாள், நாலு பேர் ஏறிய பாரத்தோடு ஒரு மேடு வந்தால் மறுபடி சத்தம் கேட்கும். கேட்டால் என்னிடம்தான் வருவான். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. தொழில் தெரிந்தவன்கூடச் சரியாகத்தான் வைத்திருக்கிறார் என்பான்.

"என்ன மாமா?" என்றான் அவன்.

"பேசாம இரு."

இரண்டு டிகிரி பின்னால் தள்ளினேன். இந்த இரண்டு டிகிரி வெயிலுக்கும், மட்டமான பங்க்குக்கும், பாரத்துக்கும். நட்டைப் புதிதாகப் போட்டு இறுக்கினேன். பழைய கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டேன்.

"இனிமே இதத் தொடாத. தொடற வேலையே வராது."

அவன் கேன்களையெல்லாம் கொண்டுவந்து டிரம்மில் திருப்பி ஊற்றிவிட்டுப் போனான். டிரம் விளிம்புவரை வந்துவிட்டது. கிளம்பும்போது, "அப்பப்ப வந்து காட்டிட்டுப் போறேன் மாமா" என்றான். "எதக் காட்டப் போற? அதான் எல்லாம் முடிச்சாச்சே" என்றேன். ஏதாவது இதமாகச் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வராது. வண்டி தெரு திரும்புகிறவரை நின்றேன். சத்தம் அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு காலையில் கேனை எடுத்து டிரம் பக்கத்தில் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. திருப்பி வைத்தேன். டீ போட்டேன், இரண்டு டம்ளர் வந்துவிட்டது. இரண்டையும் நானே குடித்தேன். அதற்கடுத்த ஞாயிறுகளில் பழைய ஸ்பேனர்களை எண்ணெய் போட்டுத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். டிரம்மை ரேஸ் ஓட்டுகிற ஒருவர் வந்து உருட்டிக்கொண்டு போனார். அது நின்ற இடத்தில் வட்டமாகத் துருக்கறை இருந்தது. தனிமை என்றால் சத்தமே இல்லாமல் இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. சுவர்க் கடிகாரம், தெருவில் போகிற வண்டிகள், எல்லாம் கேட்டது. தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் இது அவனுடையது இல்லை என்று காது சொல்லிக்கொண்டே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

கோடை உச்சிக்குப் போன பிறகு ஒருநாள் மத்தியானம் போன் அடித்தது.

"மாமா, மலை ரோட்ல இருக்கோம். நாலு பேர், லக்கேஜ் வேற. லேசா நாக்கிங் வர்ற மாதிரி இருக்கு."

"தண்ணி சூடு ஏறுதா?"

"இல்ல, சரியாதான் இருக்கு."

"டைமிங்க யாராவது தொட்டாங்களா?"

"உங்க கோட்டுலயேதான் இருக்கு. இருங்க, டீச்சர்தான் ஓட்டறா, நான் போன என்ஜின் பக்கமா பிடிக்கறேன். கேட்டுட்டு சொல்லுங்க."

வண்டி மேட்டில் இழுக்கிற சத்தம் வந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். திணறல் இல்லை, தயக்கம் இல்லை. இழுவை சீராக ஏறிக்கொண்டே போனது. ஓடுகிற வண்டிக்குள் பிடித்த போனில் நாக்கிங் கேட்காது. காற்றும் இரைச்சலும் அதை விழுங்கிவிடும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் தீர்ப்பு என்று தெரிந்துதான் கேட்கிறான்.

"கேட்டுச்சா மாமா? லேசா இருக்குல்ல? வேணும்னா வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டு வந்துடறேன்."

மறுபடி எனக்காக ஒரு செட் பிளக் மாட்டிக்கொண்டு நிற்கிறான். ஆமாம், இருக்கிறது, கொண்டு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஞாயிறு காலை வந்து நிற்பான். நான் கோட்டைப் பார்த்து, தலையைச் சொறிந்து, எதையாவது திருகுவேன். அவன் சரியாகிவிட்டது என்பான். பிறகு அடுத்த பொய்க்கு யார் முந்துவது என்று பார்த்துக்கொண்டிருப்போம்.

"வண்டில ஒண்ணும் இல்ல மாப்ள" என்றேன். "நல்லா இழுக்குது. ஓட்டு."

அவனைக் கூட்டிக்கொண்டு வர என்னிடம் இருந்த கடைசிச் சாக்கும் போய்விட்டது. யாரையும் காரணமில்லாமல் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பெற்ற மகளையே கூப்பிட்டதில்லை.

"அப்ப வர வேணாமா மாமா?"

"வண்டிக்காக வர வேணாம்" என்றேன். "சும்மா வா."

அவனுக்குக் கேட்டதா என்றுகூட முதலில் தெரியவில்லை. மேட்டுக் காற்று மட்டும் இரைந்தது. பிறகு "சரி மாமா" என்றான். எப்போது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலை வளைவில் லைன் போய்விட்டது.

வீட்டுக்குள் போய்ச் சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, டிரம் நின்ற இடத்தில் போட்டேன். எண்ணெய் வடிவதற்காகத் தரையை அங்கே சரிவாக வைத்திருந்தேன். நாற்காலி ஆடியது. அவன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஹெட் கேஸ்கட் தகடு ஆணியில் தொங்கியது. அதில் ஒரு துண்டு வெட்டி நாற்காலிக் காலுக்குக் கீழே கொடுத்தேன். கையால் அழுத்திப் பார்த்தேன், ஆடவில்லை. பிறகு என் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.